உங்களுக்குத் தெரியுமா? நரி வேட்டையும் ரைபிள் தோட்டாவும்

வட அமெரிக்காவில் கயோட்டி என்னும் நரியின விலங்கை வேட்டையாட .223, .22-250, .243 ரகத் தோட்டாக்களே பெரிதும் பயன்படுகின்றன. எடை குறைந்த குண்டு மிக வேகமாகப் பாய்வதால், தொலைவிலும் அதன் பாதை அதிகம் தாழ்வதில்லை. .223 குண்டின் விட்டம் சுமார் 5.7 மி.மீ.; .243 குண்டுக்குச் சுமார் 6.2 மி.மீ. பின்னது கனமானது, காற்றில் குறைவாக விலகும், ஆனால் தோலை அதிகம் கிழிக்கும்.

கயோட்டியின் உறவான பொன்னிற நரி, சென்னையில் அடையாறை ஒட்டிய கிண்டி தேசியப் பூங்காவில் வாழ்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. எந்தத் தோட்டாவால் சுட்டாலும் இங்கே அது கடுங்குற்றம். எலிகளையும் இறந்த விலங்குகளையும் தின்று காட்டைத் தூய்மையாக வைக்கும் இந்த நரி, சென்னை பாதுகாக்க வேண்டிய உயிர்.