கல்லறை தேடிப் போனேன்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவர்கள் கொங்கண் இரயிலில் மட்காவ் நிலையத்தைக் கடக்கும்போது கடற்கரையைத்தான் எண்ணுவார்கள். சென்ற விடுமுறையில் நான் அங்கே இறங்கியது ஒரு கல்லறையைத் தேடி. ஓரியூரில் 1693-இல் வெட்டுண்ட அருளானந்தரின் வரலாற்றைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அவருக்கு நூறாண்டு முன்பே, அதே சேசு சபையைச் சேர்ந்த ருடால்ப் அக்குவவீவா என்னும் பாதிரியார் கோவாவில் கொலையுண்டார் என்று படித்த நாள்முதல் அந்த இடத்தைக் காணும் ஆவல் இருந்தது.

அவர் இத்தாலியில் ஒரு கோமகனின் மகனாக 1550-இல் பிறந்தவர். 1580-இல் பதேபூர் சிக்ரிக்குச் சென்று, அக்பரின் அவையில் மூன்றாண்டுகள் இருந்தார். அக்பர் எல்லாவற்றையும் கேட்டார். மதம் மட்டும் மாறவில்லை. பேரரசனின் அவையில் முல்லாக்களோடு வாதிட்டுப் பத்திரமாகத் திரும்பியவர், கோவாவுக்கு வந்த சில மாதங்களிலேயே ஒரு சிற்றூரில் மாண்டார் என்பதுதான் வியப்பு.

அச்சிற்றூர் குங்கோளிம். மட்காவிலிருந்து தெற்கே பேருந்தில் போக வேண்டும். இறங்கியதும் ஒரு கடைக்காரப் பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கல்லறைக்கு வழி கேட்டேன். “கல்லறையா? இங்கே கிணறுதான் இருக்கிறது, தம்பி” என்றார்.

உண்மைதான். 1583 ஜூலை 25 அன்று, கோவில் கட்ட இடம் பார்க்க வந்த அக்குவவீவாவையும் உடன் வந்த நான்கு சேசு சபையாரையும், அவர்களோடிருந்த கிறிஸ்தவர்கள் பலரையும் ஊரார் கொன்றனர். உடல்களைக் கிணற்றில் போட்டனர். அக்கிணற்றின்மீது இப்போது ஒரு சிற்றாலயம் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, திருநாளன்றுதான் கிணற்றைத் திறப்பார்களாம். நான் கண்டது மூடியை மட்டும்.

ஊரார் ஏன் இதைச் செய்தார்கள்? நம்மூரில் நான் கேட்ட கதைகளில் கொன்றவர்களுக்குக் காரணம் என்று ஒன்று இருந்ததேயில்லை. இங்கே இருக்கிறது. போர்த்துகேயர் 1567-இல் சால்செட் பகுதியின் கோவில்களை இடித்துத் தள்ளியிருந்தார்கள். பணிய மறுத்த குங்கோளிம்மீதும் படை வந்தது. அன்று மாண்ட ஐவரில் பெர்னோ, பச்சேக்கோ ஆகிய இருவர் அத்தகைய படைகளுடன் முன்பு சென்றவர்கள். ஊரார் தங்கள் சாந்ததுர்க்கையைப் பாத்தர்பாவுக்குக் கொண்டுபோய்க் காத்தனர். இவ்வளவுக்கும் பிறகு, கோவிலுக்கு இடம் பார்க்க வெள்ளையங்கி அணிந்தவர் வந்தாலும் கறுப்பங்கி அணிந்தவர் வந்தாலும் ஊராருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரியவரே சொன்னார். பின்னர் நூலகத்தில் சரிபார்த்துக்கொண்டேன். பேச்சுவார்த்தை என்று சொல்லி ஊர்த்தலைவர் பதினாறு பேரை அசோள்ணா கோட்டைக்கு அழைத்தார்கள். விசாரணை ஏதுமின்றிப் பதினைந்து பேரைக் கொன்றார்கள். ஒருவர் மட்டும் ஆற்றில் குதித்துத் தப்பினார்.

பாதிரிமார்களின் எலும்புகளோ பெரும்பயணம் செய்தன. முதலில் ராச்சோலில் அடக்கம். 1597-இல் கோவா நகரின் புனித பவுல் கல்லூரிக்கு. 1862-இல் சே பேராலயத்துக்கு. 1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஐவருக்கும் முத்திப்பேறு பெற்றோர் பட்டம் அளித்தார். தலைவர்களுக்குக் குங்கோளிமில் நினைவுச்சின்னம் எழ நானூறு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. அதையும் போய்ப் பார்த்தேன். பாதிரியாருக்கென்று வாங்கிய மெழுகுவர்த்திகளில் ஒன்று கையில் மீந்திருந்தது. அங்கே ஏற்றலாமா கூடாதா என்று சற்று நேரம் தயங்கி நின்று, ஏற்றிவிட்டே வந்தேன்.

போக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். கிணற்றைக் காண ஜூலை இறுதியில் போக வேண்டும். மழை கொட்டும், குடை அவசியம். பங்குனி வாக்கில் போனால் வேறு குடைகளைக் காணலாம்: அவ்வூரின் பன்னிரண்டு குலங்களுக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு குடைகள் பிடித்துத் தேவியைப் பழைய ஊருக்கு அழைத்துவரும் திருவிழா அது.