கடனும் தீர வேண்டும்; வீடும் வாழ வேண்டும்

மாதத்தின் முதல் வாரம் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு மகிழ்ச்சியின் வாரமாக இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே அதற்குரியவர்கள் வரிசையாக நிற்கின்றனர்: வட்டிக்குக் கொடுத்தவர், சீட்டுப் பிடிப்பவர், தவணைக்குப் பொருள் தந்த கடைக்காரர், அடகுக் கடைக்காரர். எல்லாரையும் அனுப்பிவிட்டு எண்ணிப் பார்த்தால் அரிசிக்கும் பாலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மிஞ்சுவது சொற்பமே. இருபதாம் தேதி வாக்கில் மீண்டும் ஒரு கைமாற்று. அடுத்த மாதம் வரிசையில் இன்னும் ஒருவர் கூடிவிடுகிறார்.

கடன் வாங்காதீர்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. ஆனால் வாங்கியவர்களுக்கு அவ்வறிவுரையால் பயனில்லை. அவர்களுள் பெரும்பாலோர் ஊதாரிகளும் அல்லர். மகளின் திருமணம், தந்தையின் அறுவை சிகிச்சை, மகனின் கல்லூரிச் சேர்க்கை, பாதியில் நிற்கும் வீடு ஆகிய இவையே அவர்களைக் கடன்காரர்களாக்கின. ஆகவே கடன் ஏன் வந்தது என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, வந்த கடனை எப்படித் தீர்ப்பது, தீர்க்கும் காலத்தில் வீட்டை எப்படி நடத்துவது என்பதையே இங்கு நாம் எண்ணிப் பார்ப்போம்.

இரு தவறுகள்

கடன்பட்ட குடும்பங்களில் இருவகைத் தவறுகளைக் காண்கிறோம். முதலாவது, கடனை மறந்து வாழ்வது. வட்டியை மட்டும் மாதந்தோறும் கட்டிவிட்டு, முதலைப் பற்றி எண்ணாதிருப்பது. இதன் கேட்டை யாவரும் அறிவர்.

இரண்டாவது தவறு நல்லொழுக்கத்தின் உடையணிந்து வருவதால் எளிதில் புலப்படுவதில்லை. திடீரென ஒருநாள் குடும்பத் தலைவர் உறுதி பூணுகிறார்: "கடன் தீரும்வரை இந்த வீட்டில் ஒரு காசும் வீண் போகக் கூடாது." பால் பாதியாகிறது. முட்டை நின்றுபோகிறது. பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாளாகிறது. பிள்ளையின் பள்ளிச் சுற்றுலா இல்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போக்கும் இல்லை. மூன்று மாதம் இப்படி ஓடும். நான்காம் மாதம் ஒரு காய்ச்சலோ, ஜூன் மாதப் பள்ளித் திறப்போ வந்து கதவைத் தட்டும். சேமிப்பு ஏதுமில்லை, மீண்டும் அதே வட்டிக்காரர். வீட்டாரின் மனமும் முறிந்துவிடுகிறது. "பட்டினி கிடந்தும் பயனில்லையே" என்ற கசப்பே மிஞ்சுகிறது.

ஏட்டில் எழுதுக

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதன் முதற்படி ஒரு நாற்பது பக்க நோட்டு. கணவனும் மனைவியும் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து, யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, எந்தப் பொருள் அடகில் என்று அனைத்தையும் எழுத வேண்டும். இது கணக்கு வேலை மட்டுமன்று. கணவனுக்குத் தெரியாமல் மனைவி எடுத்த சீட்டும், மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கிய கைமாற்றும் அன்று வெளிவரும். கோபம் வரும்; கண்ணீரும் வரலாம். மறைத்து வைத்த கடன் பல இல்லங்களில் வட்டியைவிடப் பெரிய கேட்டை விளைவித்திருக்கிறது. ஆதலால் அந்த ஒரு மாலையின் வேதனையைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

எழுதும்போது வட்டியை ஆண்டுக் கணக்கில் எழுதுங்கள். "மூன்று பைசா வட்டி" என்று காதுக்கு மெலிதாகக் கேட்பது ஆண்டுக்கு 36 சதவீதம். தண்டலில் 10,000 ரூபாய் என்று பேசி 8,500 ரூபாயைக் கையில் தந்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாள் வாங்குகிறார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அன்றாடம் முதல் குறைந்துகொண்டே போவதால், கணக்கிட்டால் அவ்வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மாதம் 30,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தனியாரிடம் மூன்று பைசா வட்டிக்கு 40,000 ரூபாய். கூட்டுறவு வங்கியில் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் நகைக்கடன் 60,000 ரூபாய். மைத்துனரிடம் வட்டியில்லாக் கைமாற்று 30,000 ரூபாய். ஆக மொத்தம் 1,30,000 ரூபாய்.

இக்குடும்பம் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கான 6,000 ரூபாயைக் கடனுக்கென ஒதுக்குகிறது. நகைக்கடனின் வட்டி 450 ரூபாய். மைத்துனருக்கு நம்பிக்கையின் அடையாளமாக 500 ரூபாய். எதிர்பாராச் செலவுக்கென 550 ரூபாய் அஞ்சலகச் சேமிப்பில். எஞ்சிய 4,500 ரூபாய் முழுவதும் மூன்று பைசா வட்டிக்காரருக்கு. எந்தக் கடனின் வட்டி மிகுதியோ அதனையே முதலில் வெட்ட வேண்டும் என்பதே இதில் அடங்கிய விதி.

இவ்வாறு கட்டினால் பதினோராம் மாதத்தில் அக்கடன் முடிந்துவிடும். வட்டியாகப் போயிருப்பது ஏறத்தாழ 7,230 ரூபாய். வட்டியை மட்டும் மாதம் 1,200 ரூபாயாகக் கட்டி வந்திருந்தால், அதே பதினொரு மாதத்தில் 13,200 ரூபாய் போயிருக்கும். 40,000 ரூபாய் அப்படியே நின்றிருக்கும்.

சரி, உணவிலும் மருந்திலும் படிப்பிலும் கை வைத்து, மாதம் மேலும் 2,500 ரூபாயைப் பிடுங்கி, 7,000 ரூபாயாகக் கட்டினால்? ஏழாம் மாதத்தில் கடன் முடியும். வட்டி ஏறத்தாழ 4,560 ரூபாய். மிச்சமாவது சுமார் 2,700 ரூபாய்.

இந்த 2,700 ரூபாயைச் சற்று உற்று நோக்குவோம். இதுவே, கடன் தீரும் காலத்திலும் வீட்டை வீடாக வைத்திருக்க நாம் கொடுக்கும் விலை. குழந்தைக்குப் பால் நிற்காது. பாட்டிக்கு மாத்திரை தவறாது. மனைவி ஒவ்வொரு காசுக்கும் கை நீட்டி நிற்க வேண்டுவதில்லை. பதினொரு மாதத்துக்கு இது பெரிய விலையா? குடும்பமே கூடி முடிவு செய்யட்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது செலவுக்கு மட்டுமன்று, சிக்கனத்துக்கும் பொருந்தும்.

முதற்கடன் தீர்ந்தபின் அந்த 4,500 ரூபாயைச் செலவில் கரைத்துவிடாமல் நகைக்கடனுக்குத் திருப்ப வேண்டும். வட்டியைக் கட்டி, கெடு முடியும்போது அடகைப் புதுப்பித்துக்கொண்டு வந்தால், மேலும் பதின்மூன்று மாதத்தில் சங்கிலி வீடு திரும்பும். அதன்பின் நான்கு மாதத்தில் மைத்துனரின் கைமாற்றும் முடியும். ஆக இரண்டரை ஆண்டுக்குள் குடும்பம் கடனற்றதாகும். சேமிப்பிலும் பதினையாயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். இடையில் காய்ச்சலுக்கும் பள்ளிக்கும் கொஞ்சம் எடுத்திருந்தாலும் வட்டிக்காரரிடம் மீண்டும் போகாதிருந்ததே பெரும் இலாபம்.

ஓர் எச்சரிக்கை. தனியார் பலர் முதலைச் சிறுகச் சிறுக வாங்க மறுப்பர். வட்டி நின்றுவிடுமே என்பது அவர்கள் கவலை. முதலில் அவரிடம் பேசி ஒப்புதல் பெறுங்கள். கொடுக்குந்தோறும் கையெழுத்து வாங்குங்கள். அவர் இணங்காவிடில், குறைந்த வட்டியில் வேறிடத்தில் கடன் பெற்று அதனை ஒரேயடியாய் அடைப்பது நன்று. அவ்வாறு பெறும் கடன் பழைய கடனுக்கே போக வேண்டும். அதில் ஒரு பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

தொடக் கூடாதவை

குடும்பச் செலவில் சிலவற்றைக் குறைக்கலாம்; சிலவற்றைத் தொடலாகாது. பிள்ளைகளின் உணவு, மருந்து, பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, வேலைக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவு ஆகியவை தொடக் கூடாதவை. இவற்றுடன் இன்னொன்றையும் சேர்ப்போம்: சிறிய மகிழ்ச்சி ஒன்று. மாதம் ஒருமுறை ஞாயிறன்று கறிக்குழம்பு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சிறு பரிசு, ஆண்டுக்கொருமுறை பாட்டி ஊருக்குப் பயணம். இதற்கும் ஏட்டில் ஒரு வரி இருக்கட்டும். எழுதி வைத்த மகிழ்ச்சி அளவுக்குள் நிற்கும். அடக்கி வைத்த ஆசை ஒருநாள் கரை உடைக்கும்.

குறைக்க வேண்டியவை விழாச் செலவுகளே. புதுநன்மைக்குப் பந்தலும் பிரியாணியும், பங்குத் திருவிழாவுக்கு வீட்டார் அனைவருக்கும் பட்டும், கிறிஸ்மஸுக்கு அண்டை வீட்டாரை மிஞ்சும் விளக்கும் எந்த அருட்சாதனத்துக்கும் தேவையில்லை. வெள்ளுடையணிந்த குழந்தை நற்கருணை வாங்கும் மகிழ்ச்சி மூன்று பைசா வட்டியால் கூடுவதில்லை. உற்றார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே நம்மில் பலரை வட்டிக்காரரிடம் அனுப்புகிறது.

பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். தொகையைச் சொல்ல வேண்டாம். அச்சத்தைப் பகிர வேண்டாம். ஆனால் "நாம் ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கிறோம், அடுத்த ஆண்டு முடிந்துவிடும்" என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது புரிந்துகொள்ளும். காரணம் தெரியாத மறுப்புதான் பிள்ளையைப் புண்படுத்தும்.

துணை நிற்பவை

ஏழைகளை வட்டிக் கொடுமையிலிருந்து மீட்க முயன்றவர்கள் நமக்கு முன்னும் உண்டு. 1462-ஆம் ஆண்டில் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகு நிலையம் ஒன்று எழுந்தது. அடகுப் பொருளின் மேல் மிகக் குறைந்த கட்டணத்தில் அது கடன் தந்தது. இத்தகைய நிலையங்களை 1515-ஆம் ஆண்டில் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில், சென்னை மாகாணத்துக்காகப் பிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. தருமபுரி மாவட்டத்தில் 1989-ஆம் ஆண்டில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் பரவியுள்ளன. தெருமுனை வட்டிக்காரரை நாடுமுன் இவற்றின் கதவைத் தட்டிப் பாருங்கள்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரால் மிகை வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் தரும்போது, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியை, வாங்குபவர் அறிந்த மொழியில் எழுதித் தர வேண்டுமென ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் விதித்துள்ளது. கையெழுத்திடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடன்பட்டவர் குற்றவாளி அல்லர். வாங்கியதைத் திருப்பித் தருவது நீதி. அதனைத் தட்டிக் கழிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் வீட்டிலுள்ள குழந்தைக்கும் முதியோருக்கும் நாம் பட்டிருக்கும் கடனும் நீதியின் பாற்பட்டதே. ஒன்றைத் தீர்க்க மற்றொன்றை மறுப்பவர் இரண்டிலும் தோற்பார். வரும் மாதச் சம்பளம் வருமுன் அந்த நாற்பது பக்க நோட்டை வாங்கிவிடுங்கள். முதற்பக்கத்தில் கடன்களை எழுதுங்கள். அதன் எதிர்ப்பக்கத்திலேயே வீட்டின் தேவைகளையும் எழுதுங்கள். இரு பக்கங்களையும் ஒருங்கே விரித்து வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் பேசத் தொடங்கட்டும்.