முத்துச் சலாபத்துப் பங்கும் பின்னக் கழித்தலும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முற்காலத்தில் முத்துச் சலாபம் நடைபெற்றது. கடலுள் மூழ்கிச் சிப்பி எடுத்தோர்க்கு, எடுத்த சிப்பியில் ஒரு பங்கே ஊதியமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பங்கு நான்கிலொன்று. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்திலோ சிப்பிகள் மூன்று குவியல்களாக்கப்பட்டன. இரண்டை அரசாங்கம் கொண்டது. எஞ்சிய ஒன்று குளித்தோரைச் சேர்ந்தது.

இம்மாற்றத்தால் குளித்தோர் பெற்ற மிகுதி எவ்வளவு? 1/3இலிருந்து 1/4ஐக் கழித்தறிதல் வேண்டும். இரண்டிலும் தொகுதியெண் ஒன்றேயாதலின் வேறுபாடில்லை என மயங்குவோர் உளர். மூன்றினும் நான்கு பெரிதாதலின் பழைய பங்கே பெரிதெனக் கொள்வோரும் உளர். தொகுதியெண் குவியல்களின் எண்ணிக்கையையும், பகுதியெண் குவியலின் அளவையும் உணர்த்துவன என்பதை மறத்தலே இம்மயக்கத்திற்குக் காரணம். ஒரு முழத்தில் ஒரு சாண் போக மீதியில்லை என எவரும் கூறார். முழத்தை இரு சாணாக்கிய பின்னரே ஒரு சாண் மிஞ்சுவது புலனாகும்.

அவ்வாறே மூன்றாலும் நான்காலும் மீதமின்றி வகுபடும் எண்களுள் சிறியதாகிய 12ஐப் பொதுப் பகுதியெண்ணாகக் கொள்க. 1/3 என்பது 4/12. 1/4 என்பது 3/12. ஆகவே மிகுதி 1/12. ஒரு தோணி 12,000 சிப்பி கொணர்ந்ததெனின், குளித்தோர் பங்கு 3,000இலிருந்து 4,000 ஆகும். அரசாங்கத்தின் பங்கோ 3/4இலிருந்து 2/3 ஆகக் குறையும். 9/12இல் 8/12 போக 1/12. ஒருவர் பெற்றதும் மற்றவர் இழந்ததும் ஒத்திருத்தலின் விடை சரியென்பது உறுதியாகின்றது.

இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. பழைய கீழ்வாய்க் கணக்கில் 1/320 ஆகிய முந்திரி பொது அளவாக உதவிற்று. கால் 80 முந்திரி. மா 16 முந்திரி. காலில் மா போக 64 முந்திரி, அஃதாவது நாலுமா. ஆயினும் 320 மூன்றால் மீதமின்றி வகுபடாமையின் மூன்றிலொன்று முந்திரியுள் அடங்காது. அத்தகைய இடத்து, எடுத்துக்கொண்ட பின்னங்களுக்கேற்ற பொது அளவை நாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் தன் பங்கை ஆயிரம் ஆயிரமாகவே ஏலத்தில் விற்றது. கணக்கறியாதான் வேறுபாடில்லை என விட்டுவிடும் பன்னிரண்டிலொன்று, மேற்கூறிய தோணியில் ஆயிரம் சிப்பியாகும். உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு அது சிறிதன்று.