பழைய ஸ்பீக்கரைத் திறக்கும் முன்

பழைய ஸ்பீக்கர்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் ஆசை வந்துவிட்டதா? டீயைக் குடித்தபடி கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், அந்தப் பெட்டி எந்த யோசனையில் பிறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உதாரணத்துக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வோம்: அமெரிக்காவில் 1967-ல் வெளிவந்த ஏஆர்-3ஏ.

அதைச் செய்த அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தை எட்கர் வில்சரும் அவருடைய மாணவர் ஹென்றி க்ளாஸும் 1954-ல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பெட்டி மிகப் பெரியதாக இருந்தாக வேண்டும். வில்சர் வேறு வழி கண்டார். பேஸ் தரும் வூஃபரின் கோனை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, பெட்டியைக் காற்றுப் போகாமல் மூடினார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று திருப்பித் தள்ளும். அந்தக் காற்றுதான் இந்தப் பெட்டியின் ஸ்பிரிங். காற்று சீராகத் தள்ளுவதால் சின்னப் பெட்டியிலேயே ஆழமான, திரிபு குறைந்த பேஸ் கிடைத்தது.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோனை விரல்நுனிகளால் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் தயங்கித் திரும்பினால் பெட்டி நன்றாக மூடியிருக்கிறது. சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

பெரும்பாலும் கசிவது கோனைச் சுற்றியுள்ள விளிம்பில்தான். முதலில் வந்த 3ஏ-க்களில் அது துணி. பின்னால் வந்தவற்றில் ஃபோம். ஃபோமை ஈரக்காற்று வருடக்கணக்கில் அரித்துவிடும்; தொட்டாலே உதிரும். அதற்காக வூஃபரைத் தூக்கிப் போடாதீர்கள், பாவம். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புது ஃபோமை ஒட்டலாம். கோனோடு சேர்ந்து அசையும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருள் நடுவில் நிற்க வேண்டும், அதுதான் நுட்பம். பசை காயும் முன் கோனை மெதுவாக மேலும் கீழும் அசைத்துக் காது கொடுங்கள். உரசும் சத்தம் துளியும் கேட்கக் கூடாது. 12 இன்ச் என்று அளவு பொருந்துவது மட்டும் போதாது. ஃபோம் விறைப்பாக இருந்தால் வில்சரின் யோசனையே கெட்டுவிடும்.

அடுத்தது, மேல்ஸ்தாயியைத் தரும் ட்வீட்டர். சத்தமே வரவில்லை என்றதும் ட்வீட்டர் போய்விட்டதென்று பலர் மாற்றிவிடுகிறார்கள். பெட்டியின் பின்னால் சத்த அளவைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள உலோகம் பச்சையாகக் களிம்பேறித் தொடர்பு விட்டுப்போவதுதான் பல நேரம் உண்மையான காரணம். கழற்றிச் சுத்தம் செய்தால் ட்வீட்டர் மறுபடி பாட ஆரம்பித்துவிடும்.

ஒலியை வூஃபர், ட்வீட்டர் என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருப்பவை 6, 50, 150 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள். வயதானதில் மதிப்பு மாறியிருக்கும். அளந்து பார்த்து, அதே மதிப்பில் மாற்றுங்கள். விலை உயர்ந்த ஃபிலிம் கெபாசிட்டர் போடலாம். ஆனால் அதன் உள் தடை குறைவு என்பதால் மேல்ஸ்தாயி கொஞ்சம் தூக்கலாகக் கேட்கலாம். மாற்றிய பின் பழக்கமான பாட்டைப் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழுதுபார்ப்பு. மாற்றியமைப்பது வேறு விஷயம். பேஸ் இன்னும் வேண்டுமென்று பெட்டியில் ஓட்டை போட்டு போர்ட் வைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். காற்று ஸ்பிரிங் போனதும் தளர்ந்த கோனைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. புதிய ரக ட்வீட்டரும் அப்படியே. அது கூடுதல் சத்தம் தந்தால் வூஃபரும் நடு ஸ்தாயி ஸ்பீக்கரும் பின்தங்கிவிடும். எதைச் செய்தாலும் திரும்ப முன்போல ஆக்கக்கூடிய விதத்தில் செய்யுங்கள்.

விற்கும்போது எதை மாற்றினீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுங்கள். ஃபோம் புதிது, கெபாசிட்டர் புதிது என்று சொன்னால் விலை இறங்காது; மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் பேர் கெடும். கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள்; சேகரிப்பவர்கள் அதை மதிப்பார்கள். வாங்குபவரிடம் அவருடைய ஆம்ப்ளிஃபையர் எது என்றும் கேளுங்கள். 3ஏ 4 ஓம் ஸ்பீக்கர். கரண்டும் நிறைய இழுக்கும். 8 ஓமுக்கென்று செய்த சின்ன ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் கூட்டினால் அது சூடாகித் திணறும். அவரிடம் இருப்பது அப்படிப்பட்டதென்றால், பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.