கிளைமொழிக் கடன்பேறு: ஈமாக்ஸ் லிஸ்பில் காமன் லிஸ்ப் கூறுகளும் திருவரங்கப் பெயரடைவும்

ஆய்வுச்சுருக்கம்

ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் நிரல்மொழி, தன் உறவுக் கிளைமொழியான காமன் லிஸ்பிலிருந்து பல கூறுகளைக் கடன்பெற்றுள்ளது. அக்கடன்பேறு நிகழ்ந்த மூன்று முறைகளை இக்கட்டுரை தமிழின் கடன்சொல் நெறிகளோடு ஒப்பிட்டு விளக்குகிறது. பிறப்பிடம் புலப்பட நிற்கும் கடனும், ஏற்கும் மொழியின் விதிக்கு முற்றும் உட்பட்ட கடனும் நிலைபெறுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது இடர் தருகிறது. திருவரங்கம் சார்ந்த பெயரடைவு உருவாக்கம் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஈமாக்ஸ் லிஸ்ப், காமன் லிஸ்ப், கிளைமொழி, மணிப்பிரவாளம், அகரவரிசை, ஒருங்குறி

முன்னுரை

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவில் அமைந்த ஊர் ஒன்றே. அதன் பெயரோ திருவரங்கம், சீரங்கம், ஸ்ரீரங்கம் எனப் பலவாறு வழங்குகிறது. தமிழ்ச் சொல்லாலும், தமிழ் ஒலிமரபுக்கேற்பத் திரிந்தும், வடவெழுத்தைத் தாங்கியும் அப்பெயர் எழுதப்படுகிறது. கல்வெட்டுத் தொகுதி, கோயிலொழுகு, வைணவ உரைகள் ஆகியவற்றை மின்பாடமாக்கி அடைவு செய்வோர் இப்பன்மையை முதலில் எதிர்கொள்கின்றனர். இத்தகைய பணிக்கு நிரல்வழி விரிவாக்கத்தக்க உரைத்தொகுப்பி பெரிதும் துணைசெய்யும். அந்நிரல்மொழியின் வளர்ச்சியிலும் இதையொத்த ஒரு சிக்கல் எழுந்து தீர்ந்துள்ளது.

இரு கிளைமொழிகள்

லிஸ்ப் மொழிக்குடும்பம் 1950களின் இறுதியில் தோன்றிப் பல கிளைகளாகப் பிரிந்தது. அக்கிளைகளை ஒன்றிணைக்கும் நோக்கில் உருவான காமன் லிஸ்பை கை ஸ்டீலின் நூல் 1984இல் விளக்கியது. 1994இல் அம்மொழி அமெரிக்கத் தரநிலையாயிற்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கி 1985இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், மேக்லிஸ்ப் மரபைத் தழுவிய எளிய கிளைமொழியைத் தன் நிரல்மொழியாகக் கொண்டது. உரைத்தொகுப்புக்கு அது போதுமானதாயினும், பதிவமைப்புகளை வரையறுத்தல், பெயரிட்ட உள்ளீடுகளை ஏற்றல், பலவகைச் சுழற்சிகளை ஒரே வடிவில் எழுதுதல் போன்ற வசதிகள் அதில் இல்லை.

இக்குறையை நீக்க 1986இல் சீசர் கிரோஸ் 'சிஎல்' என்னும் நிரலகத்தை எழுதினார். டேவ் கில்லெஸ்பி அதனை முழுமையாகத் திருத்தியெழுதிய வடிவம் 1993இல் அமைந்தது.

குறியற்ற கடன்

சிஎல் நிரலகம் காமன் லிஸ்பின் பெயர்களைப் பெரும்பாலும் அவ்வாறே கொணர்ந்தது: 'லூப்', 'கேஸ்', 'ஃப்லெட்' முதலியன எவ்வித அடையாளமுமின்றி உள்நுழைந்தன. காமன் லிஸ்பில் பெயர்களைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்துக் காக்கும் அமைப்பு உண்டு. ஈமாக்ஸ் லிஸ்பில் அது இல்லை. செயல்கூறுகள் அனைத்தும் ஒரே பெயர்வெளியில் உறைகின்றன. ஒருவர் வரையறுத்த செயல்கூறின் பெயரிலேயே மற்றொரு நிரலகமும் ஒன்றை வரையறுத்தால், பின்னது முன்னதை அகற்றிவிடும். ஆதலின், ஈமாக்ஸுடன் வழங்கப்படும் நிரல்கள் சிஎல்லை இயங்கும் நேரத்தில் ஏற்றலாகாது என்னும் கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவியது.

பொருள் வேறுபாடு இதனினும் நுட்பமான இடர். காமன் லிஸ்பில் 'ஃப்லெட்' வரையறுக்கும் செயல்கூறு, எழுதப்பட்ட பகுதிக்குள் மட்டுமே செல்லும். பழைய சிஎல்லின் 'ஃப்லெட்' அப்பகுதி இயங்கும் காலம் முழுதும், அங்கிருந்து அழைக்கப்படும் பிற நிரல்களிலும் செயல்கூறை மாற்றியது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. திருவரங்கத்தில் பிரபந்தம் என்பது ஆழ்வார் பாசுரத் தொகுதி. இந்தியில் அச்சொல் மேலாண்மையைக் குறிக்கும். வடிவ ஒற்றுமையை நம்பிப் பொருள்கொள்வோர் இரு களங்களிலும் ஒரேவகையில் பிழைபடுவர்.

குறியேற்ற கடன்

2013இல் வெளிவந்த ஈமாக்ஸ் 24.3 பதிப்பு 'சிஎல்-லிப்' நிரலகத்தை அறிமுகப்படுத்தியது. அதில் கடன்பெற்ற பெயர்கள் 'சிஎல்-' என்னும் முன்னொட்டைப் பெற்றன. 'லூப்' என்பது 'சிஎல்-லூப்' ஆயிற்று. 'சிஎல்-ஃப்லெட்' காமன் லிஸ்பின் பொருளையே கொண்டது. பழைய சிஎல் நிரலகம் 2020இல் வந்த 27ஆம் பதிப்பில் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இம்முறைக்கு நெருங்கிய தமிழ் ஒப்புமை மணிப்பிரவாளம் ஆகும். நம்பிள்ளை திருவரங்கத்தில் நிகழ்த்திய திருவாய்மொழி விரிவுரைகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி இந்நடைக்குச் சிறந்த சான்று. மணிப்பிரவாளச் சுவடிகளில் வடசொல் கிரந்த எழுத்திலும் தமிழ்ச்சொல் தமிழெழுத்திலும் அமையும். எழுத்தே சொல்லின் பிறப்பிடத்தை உணர்த்துவதால் படிப்போர் எந்த இலக்கணத்தால் பொருள்கொள்வது என்று மயங்கவேண்டுவதில்லை. முன்னொட்டு நிரலில் ஆற்றும் பணியும் இதுவே.

விதிக்குட்பட்ட கடன்

தொல்காப்பிய எச்சவியல் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்திய சொல்லையே வடசொல்லாக ஏற்கிறது. ஈமாக்ஸிலும் இந்நெறி காணப்படுகிறது. மதிப்பிடப்பட்ட இடத்தையே மாற்றும் 'செட்எஃப்' 24.3இல் அடிப்படை மொழிக்குள் வந்தது. 2025இல் வெளியான 30ஆம் பதிப்பில் 'சார்ட்' என்னும் வரிசையாக்கச் செயல்கூறு, காமன் லிஸ்பைப் போல் ஒப்பீட்டுத் திறவுகோலைப் பெயரிட்டுப் பெறும் ஆற்றல் பெற்றது. பழைய அழைப்புமுறையும் செல்லுபடியாகிறது. இங்கு முன்னொட்டுத் தேவையில்லை. கடன் மொழியின் சொந்தக் கூறாகிவிட்டது.

பெயரடைவில் பயன்பாடு

ஒருங்குறியின் எண்வரிசை தமிழ் அகரவரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் லகரத்திற்கு முன்னும் அமைகின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின் வருகிறது. எண்வரிசைப்படி உறையூர் உழவுக்கு முன்னும், மனம் மலைக்கு முன்னும், அகம் அக்கத்திற்கு முன்னும் நிற்கும். தமிழ் அகராதி வரிசையில் இவை மூன்றும் தலைகீழாகும். இயங்குதளத்தின் மொழியமைப்பைச் சார்ந்து வரிசைப்படுத்தும் செயல்கூறு ஈமாக்ஸில் உண்டெனினும் அதன் விளைவு கணினிக்குக் கணினி மாறக்கூடும்.

ஆகவே நெறி நிரலிலேயே எழுதப்படுதல் நலம். தமிழ் எழுத்து வரிசை ஒரு பட்டியலாகத் தரப்படும். 'சிஎல்-பொசிஷன்' ஒவ்வோர் எழுத்தின் இடத்தையும் காணும். அவ்விடங்களின் தொடர் சொல்லின் திறவுகோலாகும். 'சிஎல்-சார்ட்' அத்திறவுகோலைக் கொண்டு வரிசைப்படுத்தும். 'சிஎல்-டெஃப்ஸ்ட்ரக்ட்' தலைச்சொல், வடிவ வேறுபாடுகள், வருமிடம் ஆகியவற்றை ஒரே பதிவமைப்பில் வைக்கும்.

வடிவ வேறுபாடுகளைப் பதிதல் இன்றியமையாதது. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்து ஸகரத்தைக் கொண்டும், 2005இல் ஒருங்குறியிற் சேர்ந்த ஶகரத்தைக் கொண்டும் குறிக்கப்படலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தேடலில் ஒன்றைத் தந்தால் மற்றொன்று கிட்டாது. ஊர்ப்பெயர் ஒரு நூலில் எத்தனை முறை வருகிறது என்னும் கணக்கு இதனால் குறையும். அக்கணக்கின்மேல் எழும் முடிவும் பிழையாகும். ஸ்ரீரங்கத்தின் இரு குறிமுறைகளையும் சீரங்கம், திருவரங்கம் என்பவற்றையும் ஒரே பதிவின்கீழ்த் தனித்தனியே காப்பதே தக்கது. அவற்றை ஒரே வடிவாக மாற்றிவிடின் மூலபாடத்தின் சான்று அழியும்.

முடிவுரை

அடைவு ஒன்றைப் பின்னொருவர் மீளச் சோதிக்க இயலவேண்டும்; அதனை உருவாக்கிய நிரலும் அவ்வாறே இயங்கவேண்டும். பழைய சிஎல்லைச் சார்ந்த நிரல்களைச் சிஎல்-லிப்புக்கு மாற்றுதல், 'ஃப்லெட்' போன்ற இடங்களில் பெயரை மட்டுமன்றிப் பொருளையும் சரிபார்த்தல், 2012இல் 24.1ஆம் பதிப்போடு வந்த சொல்லெல்லைப் பிணைப்பைக் கோப்பின் முதல்வரியில் வெளிப்படக் குறித்தல் ஆகிய மூன்றும் இதற்குத் துணைபுரியும். மணிப்பிரவாள நெறியும் தொல்காப்பிய நெறியும் தம்முள் மாறுபட்டவையாயினும், கடன்பெற்றது எவ்விலக்கணத்திற்கு உரியது என்பதை ஐயமின்றிக் காட்டுவதில் ஒத்தவை. நிரல்மொழியிலும் கடன்பேறு இத்தெளிவினாலேயே நிலைக்கிறது.