விவிலியத்தில் ‘பேறு’ம் ‘ஆசி’யும்: சொற்பொருள் விளக்கம்

பேறு, பாக்கியம், ஆசி, ஆசீர்வாதம் ஆகியன தமிழ் வழக்கில் பெரும்பாலும் ஒருபொருட் சொற்களாகக் கொள்ளப்படுகின்றன. விவிலிய மூலமொழிகளில் இவை இரு கருத்துகளாகப் பிரிந்து நிற்கின்றன. எபிரேயத்தில் ‘பாரூக்’ ஆசி பெற்றமையைக் குறிக்கும். கடவுளைப் போற்றவும் இச்சொல் வரும். ‘அஷ்ரே’ ஒருவரது நன்னிலையைக் கண்டு வியந்துரைக்கும் சொல். எபிரேய விவிலியத்தில் இது மனிதர்க்கே உரியது. கிரேக்கத்தில் ‘எவ்லோகேயோ’ என்னும் வினையின் வடிவங்கள் முன்னதையும், ‘மக்காரியோஸ்’ பின்னதையும் உணர்த்துகின்றன.

லூக்கா நற்செய்தியில் எலிசபெத்து மரியாவை நோக்கி இரண்டையும் கூறுகிறார். 1:42இல் ஆசியும், நம்பிக்கையைச் சுட்டும் 1:45இல் பேறும் இடம்பெறுகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘ஆசீர்வதிக்கப்பட்டவள்’, ‘பாக்கியவதி’ எனவும், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு ‘ஆசி பெற்றவர்’, ‘பேறுபெற்றவர்’ எனவும் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளன.

மலைப்பொழிவில் (மத்தேயு 5:3-12) ஒன்பது முறை வருவது ‘மக்காரியோஸ்’ என்பதன் பன்மை வடிவமே. லூக்கா 6:20-26இல் இதற்கு எதிராக நிற்பது சாபம் அன்று. ‘ஐயோ’ எனப் பொருள்படும் ‘ஊஆய்’ என்னும் இரங்கற்சொல். சாபம் ஆசியின் எதிர்ச்சொல்; இரங்கல் பேற்றின் எதிர்நிலை. ஆகவே ‘ஏழைகள் பேறுபெற்றோர்’ என்னும் கருத்து, வறுமையைக் கடவுள் அளித்த வரமாக்கவில்லை. இறையாட்சி அவர்களுக்கு உரியது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். இரு சொற்களையும் ஒன்றெனக் கொள்ளின், வறுமையே வரம் என்னும் பிழையான பொருளுக்கு இடமுண்டாகும்.