வானத்தில் முட்டித் திரும்பிய பாட்டு

இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது தாத்தா பாட்டிகள். வானொலி பற்றிப் பேச்செடுத்தால் அவர்களில் பலருக்கும் ஒரே ஞாபகம்தான் வரும். வீட்டில் விளக்கை அணைத்த பிறகு, போர்வைக்குள் குட்டி டிரான்சிஸ்டரை ஒளித்துவைத்து ரேடியோ லக்சம்பர்க் கேட்டது! பாட்டு கணீரென்று வரும். திடீரென்று அமுங்கிப் போகும். மூச்சைப் பிடித்துக் காத்திருந்தால் தானாகத் திரும்பி வரும்.

லக்சம்பர்க் ஒரு தனி நாடு. பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றுக்கும் இடையில் இருக்கிற மிகச் சிறிய நாடு. லண்டனிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அன்றைய பிரிட்டனில் வானொலி நடத்தும் உரிமை பி.பி.சி.க்கு மட்டுமே இருந்தது. அதில் விளம்பரம் கிடையாது. இளைஞர்கள் விரும்பிய புதுப் பாட்டுகளுக்குக் கிடைத்த நேரமும் குறைவு. அந்தச் சட்டம் எல்லைக்கு அப்பால் செல்லாதே! 1933இல் ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கிய லக்சம்பர்க் நிலையம், 1951இல் அதை மத்திய அலைக்கு, அதாவது மீடியம் வேவில் 208 மீட்டருக்கு மாற்றியது. மார்னாக் என்ற ஊரில் நிறுவிய அதன் அலைபரப்பியின் திறன், பின்னாளில் 10 லட்சம் வாட்டையும் தாண்டியது.

இவ்வளவு சக்தி இருந்தும் அந்த ஆங்கில நிகழ்ச்சிகள் மாலையில்தான் தொடங்கும். ஏன் தெரியுமா? பகலில் ஒலிபரப்பினால் பிரிட்டனில் சரியாகக் கேட்காது. காரணம் வானத்தில் இருக்கிறது.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளிமண்டலத்தில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி உருவான பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். அதில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரம் வரை இருப்பது டி அடுக்கு. அதற்கு மேலே ஈ அடுக்கு, அதற்கும் மேலே எஃப் அடுக்கு. பந்தை மணலில் எறிந்தால் புதைந்துவிடும், சிமெண்ட் தரையில் எறிந்தால் எழும்பும் இல்லையா? மத்திய அலைக்கு டி அடுக்கு மணல், மேலே இருக்கும் அடுக்குகள் தரை.

டி அடுக்கில் என்ன நடக்கிறது? வானொலி அலை வந்ததும் எலக்ட்ரான்கள் அதிரத் தொடங்கும். அந்த உயரத்தில் காற்று இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதால், அவை அடிக்கடி மூலக்கூறுகளோடு மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கின் எலக்ட்ரான்கள் அயனிகளோடு மறுபடி சேர்ந்துவிடுவதால் அடுக்கே கிட்டத்தட்ட மறைந்துபோகும். அப்போது அலை தடையில்லாமல் மேலே போய், வளைந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரைக்கு வரும்.

சரி, பாட்டு ஏன் அமுங்கியது? ஒரே பாட்டு இரண்டு வழிகளில் வந்து சேரும். ஒன்று ஈ அடுக்கில் திரும்பியது, இன்னொன்று எஃப் அடுக்கில் திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையின் நீளம் 208 மீட்டர். இரண்டு பாதைகளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் பாதி, அதாவது 104 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ, சேர்ந்து ஒலித்தவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நூறு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் அடுக்கு, நூறு இருநூறு மீட்டர் ஏறி இறங்கினாலே போதும்! போர்வைக்குள் இருந்த பிள்ளைகள் பாட்டோடு சேர்த்து வானத்தின் அசைவையும் கேட்டிருக்கிறார்கள்.

இதைவிட வியப்பான ஒன்று 1933இல் நடந்தது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பெர்னார்ட் டெலகன் என்ற பொறியாளர், சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் லக்சம்பர்க்கின் நிகழ்ச்சியும் மெல்லக் கேட்டது. இரண்டும் வெவ்வேறு அலைவரிசைகள், கலக்கவே கூடாது. அடுத்த ஆண்டு பெய்லி, மார்ட்டின் என்ற இரு அறிவியலாளர்கள் விளக்கம் தந்தார்கள். லக்சம்பர்க்கின் வலுவான அலை மேலே உள்ள எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது. பாட்டு ஏறி இறங்க, அந்தச் சூடும் ஏறி இறங்குகிறது. அவ்வழியே போகும் சுவிஸ் அலை இழக்கும் ஆற்றலும் அதற்கேற்பக் கூடிக் குறைகிறது. இப்படித்தான் லக்சம்பர்க்கின் பாட்டு சுவிஸ் அலைமேல் பதிந்துவிட்டது! மனிதன் செய்த வானொலி வானத்தையே மாற்றுகிறது என்பதற்கு இது முதல் சான்று. இன்றும் இதற்கு லக்சம்பர்க் விளைவு என்றே பெயர். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

மார்னாக் அலைபரப்பி 2015 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் வானம் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் பழைய ரேடியோ இருந்தால் எடுத்து மீடியம் வேவில் வையுங்கள். நண்பகலில் முள்ளை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்தி, கேட்கும் நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியில், எல்.இ.டி. விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் தள்ளி நின்று, மறுபடி அதையே செய்யுங்கள். ரேடியோவை மெல்லத் திருப்பியும் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆன்டெனாவுக்குத் திசை உண்டு. பகலில் இல்லாத எந்தெந்த ஊர்கள் இரவில் வந்தன என்று எங்களுக்கு எழுதுங்கள்.